எனக்குத் தந்த தேநீர்ப் பொறுப்பு

பொறியியல் வகுப்பில் பாலத்தின் மாதிரி ஒன்றைச் செய்ய எங்களை நால்வர் நால்வராகப் பிரித்தார்கள். என் குழுவில் மற்ற மூவரும் சிங்கள நண்பர்கள். தோட்டத்துத் தமிழன் நான் ஒருவன்தான். என்னை ஒதுக்கிவிடக் கூடாதென்று மூவரும் கூடிப் பேசி, தேநீர் போடும் பொறுப்பை எனக்கே தந்தார்கள். தோட்டத்துப் பையனென்றால் தேயிலை கைவந்த கலையாம்! எரிச்சலை அடக்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் மூன்று முகங்களும் கோணின.

"எங்க ருவான்வெல்லைப் பக்கம் எல்லாம் ரப்பர் மரந்தான்டா. தேயிலைத் தூளை நாங்களும் கடையிலதான் வாங்குறோம்!" என்று சிங்களத்தில் கத்திவிட்டேன்.

வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அன்றே தேநீர்க் கேத்தல் அவர்கள் கைக்கும் பாலத்தின் கணக்கு என் கைக்கும் மாறின. மனம் குளிர்ந்திருந்தேன். அப்போது ஒருவன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான்.

"மச்சான், ரப்பர் தோட்டம்னு சொன்னியே... என் பைக் டயர் பஞ்சர். கொஞ்சம் பாத்துத் தர்றியா?"