ஏழாவது ஜெபக் குறிப்பு

1. ஒரு புதன்கிழமை பின்னேரம், கம்பஸில் நாங்கள் மூன்று பேர் ஜெபிக்க உட்கார்ந்தோம்.
2. எங்கள் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தின் தலைவி, வேறு யாருக்கும் சொல்லாத ஒன்றை எங்களுக்குச் சொன்னாள்.
3. மறுநாள், ஐக்கியத்தின் செயலாளராக இருந்த நான் அதை மாதாந்த ஜெபக் கடிதத்தில் ஏழாவது குறிப்பாகத் தட்டச்சு செய்து சபைகளுக்கு அனுப்பினேன்.
4. ஞாயிறு ஆராதனையில் அவளுடைய ஊர்ப் போதகர் அதை வாசித்தார். அவளுடைய அம்மா முன்வரிசையில் இருந்தார்.
5. தலைவி போகவிருந்த பயிற்சிக்கு நான் போனேன்.

துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின்னிணைப்புகளைப் பரிசோதிப்பது இப்போது என் வேலை. பழுது நேர்ந்தால் இப்படித்தான் எழுதுவோம்: எது முதலில், எது பிறகு, எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். இங்கே மூன்றாவது இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அதைச் சொல்வது சுலபம். ஏன் நிறுத்தவில்லை என்பதை எழுதத்தான் இத்தனை காலம் எடுத்திருக்கிறது.

அவள் வெருகல் பக்கம், கடற்றொழில் செய்யும் குடும்பம். என்னுடைய வகுப்புத்தான். 'தலைவி' என்று முதலில் பகிடிக்குக் கூப்பிட்டோம், பிறகு அதுவே பெயராகிவிட்டது. பாட்டு அவளுக்கு வராது. ஆனால் வேதப் படிப்பு நடத்தும்போது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, யாராவது வாய் திறக்கும்வரை தரையைப் பார்த்தபடி காத்திருப்பாள். மூன்று நிமிடமானாலும் காத்திருப்பாள். நான் நடத்தினால் பத்து வினாடியில் நானே பதிலைச் சொல்லிவிடுவேன். ஆசிய நாடுகளின் மாணவத் தலைவர்களுக்கு ஒரு மாதப் பயிற்சி, எங்கள் பகுதியிலிருந்து ஒருவர் என்று அறிவித்தல் வந்தபோது, அவளுடைய பெயரைச் சொல்ல யாரும் தயங்கவில்லை. திரும்பி வருகிறவர் கிழக்கில் மற்ற மாணவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும், விரும்பினால் அதற்கே முழுநேர ஊழியராகலாம். அவள் விரும்பியதும் அதைத்தான். அவளால் போக முடியாவிட்டால் என்று இரண்டாவதாக என் பெயரையும் எழுதியிருந்தார்கள்.

வாரத்தில் ஒரு நாள் மூன்று மூன்று பேராக இருந்து, மனதில் உள்ள பாரத்தைச் சொல்லி ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது எங்கள் வழக்கம். அந்தப் புதன்கிழமை அவள் சொன்னாள்: "அப்பா கடலோட போன பிறகு என்னால ஜெபிக்க ஏலாமக் கிடக்கு. முன்னுக்கு நிண்டு சொல்லுறன்தான். வாய் மட்டும் அசையுது, உள்ளுக்கு ஒண்டுமில்லை." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "செயலாளரம்மா, இதுக்கும் நம்பர் போட்டிடாதேயுங்கோ."

நாங்களும் சிரித்தோம். பகிடி என்று எடுத்துக்கொண்டேன். அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

எங்களுக்குள் ஒரு பாரத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது குற்றம் மாதிரி. எத்தனை பேர் ஜெபிக்கிறார்களோ அத்தனை நல்லது என்றே பழக்கப்பட்டிருந்தோம். 'எங்கள் தலைவிக்காக: தகப்பனின் மறைவுக்குப் பின் ஜெபிக்க முடியாதிருக்கிறார். மீண்டும் ஜெபிக்க' என்று எழுதினேன். பெயர் போடவில்லை. பெயர் போடாதது பாதுகாப்பு என்று நினைத்தேன். ஒரு ஐக்கியத்துக்கு ஒரு தலைவிதான்.

ஞாயிறு மத்தியானம் அவளுடைய அம்மா என்னை அழைத்தார். "பிள்ளை, நீங்கதானே அந்தக் கடிதம் எழுதுற ஆள்? என்ர மகள் ஒவ்வொரு நாளும் போனில எனக்கு ஜெபம் பண்ணிப்போட்டுத்தான் வைக்கிறவள். அதைக் கேட்டுப்போட்டுத்தான் நான் படுக்கிறனான். அப்ப அது என்ன?" கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள். தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் அழைத்து, உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்றார்கள். பொறுப்பாளர்கள், பயிற்சிக்குப் போவதா இல்லையா என்ற முடிவு உங்களுடையது என்றார்கள். விடுதி அறையில் உடுப்பு மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நீ போ மச்சாள். அங்க போய் நான் ஆருக்கு எதைப் படிப்பிக்கிறது?"

"நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"தெரியும். வேணுமெண்டு செய்திருந்தா கோவிச்சிருப்பன். கோவிக்கவும் வழியில்லாமச் செய்துபோட்டாய்."

பயிற்சியின் முதல் நாள், பல நாட்டு மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். தலைவர் தன் பலவீனத்தை மறைக்கக் கூடாது, மறைத்தால் பின்னால் வருகிறவர்களும் மறைக்கப் பழகுவார்கள் என்று நடத்துநர் சொன்னார். அதைக் குறிப்பேட்டில் முதலாம் இலக்கமிட்டு எழுதினேன். இந்தப் பாடத்தை ஏற்கெனவே செய்து காட்டியவள் வீட்டில் இருந்தாள், அவளுடைய கதிரையில் நான் இருந்தேன். பிறகு ஒவ்வொருவரும் தன் பலவீனத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் பொறுமை குறைவு என்றேன். என்னிடம் இருந்தவற்றில் மிகச் சிறியதைத் தெரிந்தெடுத்துச் சொன்னேன்.

சொல்லாதது இது. கடிதத்தைத் தட்டச்சு செய்த காலையில், தெரிவுப் பட்டியலில் நான் இரண்டாவது என்று எனக்குத் தெரியும். அதை நினைத்துக்கொண்டு எழுதினேனா? இல்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் என் வேலையில், 'இல்லை என்று நம்புகிறேன்' என்பதை யாரும் பரிசோதனை முடிவாக ஏற்பதில்லை.

அவளுடைய ஊர்ச் சபையில் அந்தக் குறிப்பை இன்னும் வாசிக்கிறார்கள். ஜெபக் குறிப்பு ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு ஒரே வழி, பதில் கிடைத்தது என்று அறிவிப்பது. போன மாதம் இறங்குதுறையில் நின்றபடி அவளுடைய ஊர்ப் போதகரை அழைத்தேன். "ஐயா, அந்த ஒண்டை இனி வாசிக்காதேங்கோ."

"பதில் கிடைச்சிட்டுதோ மகள்?"

"தெரியாது ஐயா."

"அப்ப எப்பிடி எடுக்கிறது? சனம் இன்னும் பாரத்தோட ஜெபிக்குது. தாய்தான் அந்த இடம் வரேக்க எழும்பி வெளிய போறா. பாவம், தாங்க ஏலாது போல."

அவருக்குக் கோபம் இல்லை. விளங்கவும் இல்லை. எனக்கும் முன்பு விளங்கியிருக்காது.

தலைவி இப்போது தோப்பூரில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். பயிற்சிக்கான அந்த இடம் எனக்கும் வேண்டியிருந்தது என்று போன வாரம் அவளுக்கு எழுதி அனுப்பினேன். வாசித்துவிட்டாள் என்று கைப்பேசி காட்டுகிறது. பதில் இல்லை. அவள் முழுநேரமாகச் செய்ய விரும்பிய வேலையை, சனிக்கிழமைகளில் மட்டும் நான் செய்கிறேன். வரும் சனிக்கிழமை புதிய செயலாளர்கள் வருகிறார்கள். ஜெபக் கடிதம் எழுதுவது எப்படி என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடம் இன்னும் ஆயத்தமாகவில்லை.