யாரும் போகாத இடமா?

ஆற்றங்கரை நிலம் பற்றி எண்ணூரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரி மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “அது வெறும் சேத்து நிலம். அங்க யாரும் போறதே இல்ல.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரும் போகவில்லையா?

எங்கள் நைனா போனார். துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஞாயிறு தவறாமல் எங்களை எண்ணூர் ஆற்றுக்குக் கூட்டிப்போவார். சேற்றில் காலால் துழாவியே நண்டு பிடிப்பார். அம்மாவுக்கு நீச்சல் பழக்கியதும் அங்கேதான். பயத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். “கைய வுட்டாதான்டி மெதப்ப” என்று சிரிப்பார். மதியம் கரையிலேயே நண்டு கொதிக்கும். அந்த மிளகு வாசமும் உப்பு வாசமும் மறுநாள் பள்ளிக்கூடம் வரை என் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு நைனா தண்ணீரில் இறங்கியதும் முழங்கால்வரை சாம்பலில் புதைந்தார். பக்கத்துத் தொழிற்சாலையின் நிலக்கரிச் சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கொட்டியிருந்தது. காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

“இங்க இன்னாயா வேலை? காலி பண்ணு!”

“சாம்பல கொட்னது நீங்கோ. காலி பண்றது நானா?” என்றார் நைனா.

அவன் எங்கள் பாத்திரங்களை எட்டி உதைத்தான். நைனா கை ஓங்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் கண்ணெதிரே கரையோரமாக நடந்து, தெளிந்த தண்ணீர் கண்ட இடத்தில் இறங்கினார். சாம்பல் பரவப் பரவ நாங்களும் இடம் மாறினோம். நெஞ்சுவலியில் சாகும்வரை அவர் ஒரு ஞாயிறும் விடவில்லை.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். “எங்க நைனா போனாரு சார். அவரு பேரு தேவராஜ். எழுதிக்கோங்க.”

அதிகாரி கேட்காதவர் போல அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பக்கத்திலிருந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நானும் போனேன். நாளைக்கும் போவேன்.”