எட்டு டிரம் எண்ணெய்க் கசடு

கழிவுநீர் நிலையத்தில் எல்லோரும் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது டீசல் மெக்கானிக் வேலை. எஞ்சின் பக்கத்தில் காதைச் சாய்த்து, "ரெண்டாவது சிலிண்டருக்கு லேசா இருமல்" என்று சொல்வதால் வந்த பட்டம். வேண்டாம் என்று அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை, அவ்வளவு அடக்கம்!

ஊர்ச் சாக்கடையின் கசடு ஒரு பெரிய மூடிய தொட்டியில் நொதித்து வாயுவாகும். அந்த வாயுவில் அவருடைய எஞ்சின் ஓடி மின்சாரம் கொடுக்கும். எஞ்சினின் சூடு தொட்டியைக் கதகதப்பாக வைக்கும். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் நிலையத்தின் காற்றூதிகள் நாளில் பதினாறு மணி நேரம் அதில்தான் ஓடின. மீதி நேரத்துக்கு வெளி மின்சாரம். "அரைகுறை எஞ்சின் எதுக்கு? பழைய இரும்புக்குப் போடுங்க" என்றது மேலிடம். ஒரு முழு நாள் வெளி மின்சாரம் இல்லாமல் ஓட்டிக் காட்டினால் தப்பும். அதைப் பார்க்க மேலிடத்துக் குழு வரப் பத்து நாள் இருந்தது.

"இதெல்லாம் நமக்கு ஜுஜுபி சார்" என்றார் டாக்டர், நிலையத்துப் பொறியாளரிடம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

உணவகங்களின் எண்ணெய்க் கசட்டைத் தொட்டியில் ஊற்றினால் வாயு கூடும். ஆனால் வாரத்துக்கு ஒரு டிரம்மில் ஆரம்பித்து மெல்லப் பழக்க வேண்டும். டாக்டர் ஒன்று ஊற்றினார், மறுநாளே வாயு ஏறியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் எட்டு டிரம்!

எட்டாம் நாள் தொட்டி புளித்துப்போய், நுரை பொங்கிப் படிக்கட்டு வழியாக இறங்கியது. வாயு பாதிக்கும் கீழே போனது. இதற்குப் பட்டினி போட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

"காலெல்லாம் என்ன நுரை?" என்று கேட்டாள் மனைவி.

"உன் புருஷன் ஒரு தொட்டிக்கு அஜீரணம் வரவெச்சுட்டான்."

"யாரு பண்ணதுன்னு அங்க தெரியுமா?"

"தெரியாது. பழி எஞ்சின் மேலதான் விழும்."

"அப்ப போய்ச் சொல்லிடுங்க." அவள் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் வந்த குழுவின் முன்னால் அவரே போய் நின்றார். "எஞ்சின் மேல குத்தமே இல்லைங்க. தொட்டி மேலயும் இல்ல. பேராசைப்பட்டு ஊத்தினது நான். இந்த மடையனை நம்பாதீங்க, எஞ்சினை நம்புங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க, ஓடும்."

வந்தார்கள். இந்த முறை அவர் ஒழுங்காக, அளவாக ஊற்றியிருந்தார். ஒரு முழு நாள் ஒரு காற்றூதிகூட நிற்கவில்லை. டாக்டர் அன்று சாப்பிடவே மறந்துபோனார்.

மறு வாரம் உத்தரவு வந்தது. எஞ்சின் நம்பத்தக்கது, தொடரும். இயக்குபவரை மாற்றி, சாக்கடை நுழைவாயிலில் துணியும் பிளாஸ்டிக்கும் வாரும் பிரிவுக்கு அனுப்பவும்.

பொறியாளர் தாளை நீட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றார். டாக்டர் இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது.

"சார், நான் அவ்வளவு நல்லாவா பேசினேன்?"