கழற்றி மாட்டும் டேங்க்

பெரியப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. பட்டறைக்கு எதிரே இருந்த ஷூ யூனிட்டில் தையல் மிஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் அன்றைக்கு அந்த ஜெனரேட்டரே யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பெரிய ரோட்டை ஒட்டி எங்கள் வெல்டிங் பட்டறை இருந்தது. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள். பட்டறைக்குப் பின்னால் எங்கள் வீடு, அதை ஒட்டிப் பெரியப்பா வீடு. நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவின் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தான். அவனை அண்ணன் என்று கூப்பிடுவேனே தவிர, மரியாதை எல்லாம் கிடையாது.

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஊரெல்லாம் இருட்டாக இருந்தால் சிலருக்கு மட்டும் வெளிச்சம் வரும். அப்படி வெளிச்சம் வந்தவர்களில் ஒருவர் ஜெனரேட்டர்காரர். இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றின் மேல் ஜெனரேட்டரை ஏற்றி, டிராக்டரில் இழுத்துப் போய், ஷூ யூனிட்டுக்கும் தோல் கம்பெனிக்கும் வாடகைக்கு விடுவார். வெள்ளைச் சட்டை தவிர வேறு நிறத்தில் அவரை நான் பார்த்ததில்லை. அந்த ட்ரெய்லரின் அடிவயிற்றில், சட்டத்தோடு சட்டமாகப் பற்றவைத்த இரும்பு டீசல் டேங்க் இருந்தது. தோல் கம்பெனி வாசல்களில் பச்சைத் தோலிலிருந்து உதிர்ந்த உப்பும் தண்ணீரும் எப்போதும் கிடக்கும். நாள் கணக்கில் அதில் நின்று நின்று டேங்கின் அடிப்பக்கம் அரித்துப்போய் ஒழுக ஆரம்பித்திருந்தது.

அன்று பள்ளி விடுமுறை. அப்பா இரும்பு வாங்க ராணிப்பேட்டைக்குப் போயிருந்தார். நான் பட்டறை வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் அங்கே பேசிய ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது.

"டேங்க்ல முழுக்க தண்ணி ரொப்பிக்கினு வாங்க சார், வெல்டு அடிச்சுத் தர்றேன்" என்றார் பெரியப்பா.

"தண்ணி ரொப்பி, அப்பறம் அத காய வெச்சு... எப்பப்பா முடியும்? எதிர் யூனிட்டுல பொம்பளைங்க எல்லாம் கைய கட்டிக்கினு உக்காந்துக்கினு இருக்காங்க. டீசல எடுத்தாச்சு. காலி டேங்க்தான, ஓட்டையில வெல்டுல ஒரு பொட்டு வெச்சா முடிஞ்சுது."

"காலியா இருந்தாத்தான் சார் பேஜாரு. உள்ள ஆவி நிக்கும்."

ஜெனரேட்டர்காரர் சிரித்தார். "இத்தன வருஷமா நெருப்போட இருக்கிற. ஒரு பொட்டு வெக்க பயப்படுறியே. உன் தம்பி இருந்திருந்தா இந்நேரம் முடிச்சுக் குடுத்திருப்பான்."

அந்தக் கடைசி வார்த்தைதான் பெரியப்பாவை ட்ரெய்லருக்கு அடியில் தள்ளியது. இதைச் சொல்ல எனக்கு எந்தச் சாட்சியும் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கரண்ட் தேவைப்படாத கேஸ் டார்ச்சோடு குனிந்து உள்ளே போனார்.

வெடித்ததைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. மடியிலிருந்த வேர்க்கடலை எல்லாம் சிதறியது. பெரியம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அண்ணன் கோணிப்பையை நனைத்து எடுத்துக்கொண்டு வந்து பெரியப்பாவின் மேல் விழுந்தான். ரோட்டில் போன ஒருவன் வண்டியை நிறுத்தி செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஜெனரேட்டர்காரர் தன் காருக்குப் பின்னால் நின்று சட்டையில் பட்டிருந்த கரியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்து பெரியப்பா இறந்துபோனார்.

சாவு வீட்டுக்குப் பெரிய மாலையோடு ஜெனரேட்டர்காரர் வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் நின்றவர்களிடம், "நல்ல மனுஷன். கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்" என்றார். பெரியம்மா எழுந்து வந்து அந்த மாலையைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினாள்.

"கவனமா? தண்ணி ரொப்பிக்கினு வாடானு எம்புருஷன் சொன்னாருடா உன்கிட்ட! இதோ இந்தக் கொழந்த கேட்டுக்கினு இருந்துது. சொல்லுடி, சொன்னாரா இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சொன்னாரு" என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அழக்கூட இல்லை. ஆனால் ஊர்ப் பெரியவர் ஒருவர் என் தலையைத் தடவி, "சின்னப் புள்ள, பயந்து போயிருக்குது, உள்ள இட்டுக்கினு போங்க" என்றார். என்னை உள்ளே கூட்டிப் போனார்கள். என் காதில் விழுந்த வார்த்தைகளும் என்னோடு உள்ளே போய்விட்டன.

பிறகு ஊர்ப் பெரியவர்கள் ஜெனரேட்டர்காரரையும் வைத்துக் கூடிப் பேசினார்கள். அப்பா போனார், பெரியம்மா போனாள், அண்ணன் போனான். என்ன பேசினார்கள், என்ன முடிவானது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, "ஒன் வேலய பாரு" என்றாள்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தேன். பட்டறை வாசலில் அந்த ட்ரெய்லர் நின்றுகொண்டிருந்தது. அடிப்பக்கமெல்லாம் கரி. வெடித்த டேங்க் இருந்த இடத்தில் வாயைப் பிளந்த மாதிரி ஓட்டை. அப்பா அதன் கீழே படுத்து டேப்பால் அளந்துகொண்டிருந்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இது எதுக்குப்பா இங்க வந்துச்சு?" என்று கேட்டேன்.

"புது டேங்க் செய்யணும்" என்றார், வெளியே வராமலே.

அந்த நிமிடத்திலிருந்து நான் அப்பாவோடு பேசவில்லை. அவர் வைத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. வண்டியில் ஏற்றிப் பள்ளியில் விடுகிறேன் என்றபோது நடந்து போனேன். எங்கள் வீட்டில் சரியான மனுஷி பெரியம்மா ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றியது. ஜெனரேட்டர்காரரின் கார் அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் அவள் வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி திட்டுவாள். நானும் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். அவள் திட்டியதில் பாதி வார்த்தைகளுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. இருந்தாலும் கேட்கத் திருப்தியாக இருக்கும்.

அப்பாவோ அந்த டேங்கே உலகம் என்று ஆகிவிட்டார். அதை அலுமினியத்தில்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். எங்கள் பட்டறையில் இரும்பு வேலை மட்டும்தான். அலுமினியத்தைப் பற்றவைக்க ஆர்கான் வெல்டிங் வேண்டும். வாணியம்பாடியிலிருந்த அவருடைய தோஸ்த் ஒரு பாய், லோடு ஆட்டோவில் தன் மிஷினையும் சிலிண்டரையும் கொண்டுவந்து இறக்கினார்.

"இரும்புலயே செஞ்சா கம்மில முடிஞ்சிடுமேப்பா. இன்னாத்துக்கு இவ்ளோ செலவு?" என்று பாய் கேட்டார்.

"டேங்க்க உப்பு அரிச்சுத் திங்கக் கூடாது பாய். தூக்கறதுக்கு லேசா இருக்கணும். சட்டத்தோட ஒட்டவே கூடாது. கையாலயே கழட்டி, கையாலயே மாட்டணும். ஸ்பேனர் தேடிக்கினு ஓடக் கூடாது."

பாய் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மிஷினை மாட்டினார்.

தகட்டை வெட்டினார்கள், மடித்தார்கள். வண்டி ஓடும்போது டீசல் அலம்பாமல் இருக்க உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடு வைத்தார்கள். ஜெனரேட்டரின் சூடு படாத மூலையில், ட்ரெய்லர் மேலேயே ஆங்கிள் இரும்பில் ஒரு தொட்டில் செய்தார் அப்பா. தொட்டிலுக்கு ரப்பர் மெத்தை. டேங்கைக் கட்டிப்பிடிக்க இரண்டு பட்டைகள், அவற்றை விரலாலேயே திருகிக் கழற்றும்படி காது வைத்த நட்டுகள். டீசல் போகிற டியூபுக்கும் திரும்பி வருகிற டியூபுக்கும் தனித்தனியாக அடைப்பான். இரண்டு பக்கமும் கைப்பிடி. பற்றவைத்து முடித்ததும் வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, இணைப்புகளின் மேல் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் சின்னதாகக் குமிழி வந்தது.

"ஒரு பொட்டு வெச்சா அடைஞ்சிடும்" என்றார் பாய்.

அப்பா கையிலிருந்த சுத்தியலைச் சுவரில் வீசி அடித்தார். தகரச் சுவர் அதிர்ந்தது. "பொட்டு வெக்கற வேலயே வாண்டாம் பாய்!" என்று கத்தினார். அந்த இணைப்பு முழுவதையும் அரைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து பற்றவைக்கச் சொன்னார். பாய் அப்படியே செய்தார்.

எல்லாம் முடிந்த பிறகும் அப்பாவுக்குத் திருப்தி வரவில்லை. கைப்பிடியின் ஓரங்களை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். தன் உள்ளங்கையால் தேய்த்துப் பார்ப்பார், மறுபடி ராவுவார். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனையோ நாளாக என் பாவாடையைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதை ராவ அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. பெரியப்பாவைச் சாகடித்தவனின் கை கீறாமல் இருக்க இவ்வளவு பாடு. என்னால் தாங்க முடியவில்லை. பேசமாட்டேன் என்ற சபதத்தை உடைத்தேன்.

"பெரியப்பா இருந்திருந்தா உன் மூஞ்சில காறித் துப்பியிருப்பாரு."

அப்பா அரத்தைக் கீழே வைத்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. மறுபடியும் அரம் உராயும் சத்தம்தான் கேட்டது. அடி சாயங்காலம் அம்மாவிடமிருந்து வந்தது. "தெரியாத விஷயத்துல வாய் வெக்காத" என்று சொல்லி, முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அவளே அழுதாள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அடி வாங்கியது நான், அழுவது இவளா?

டேங்கைப் பார்த்துச் சரிசொல்ல ஜெனரேட்டர்காரரே வந்தார். அவர்தான் வரவேண்டும் என்று அப்பா சொல்லியனுப்பியிருந்தாராம். தெருக்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள்.

"அடேங்கப்பா, கல்யாண அண்டா மாதிரி மின்னுதே" என்று அவர் டேங்கைத் தட்டிப் பார்த்தார்.

அப்பா அதில் கொஞ்சம் டீசல் ஊற்றி, டியூபுகளை மாட்டிவிட்டு, ஒதுங்கி நின்றார். "கழட்டுங்க சார்" என்றார்.

"நானா? எனக்கு எதுக்குப்பா இதெல்லாம், ஆளு இருக்கான்."

"ஆளு கழட்டுவான் சார். கழட்ட நேரமில்லனு சொல்றது நீங்கதான? அதான் உங்கள கழட்டச் சொல்றேன்."

ஜெனரேட்டர்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ட்ரெய்லர் மேல் ஏறினார். அடைப்பானை மூடினார், டியூபை உருவினார், காது நட்டுகளைத் திருகினார். டேங்கைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது வயிற்றோடு அணைத்துக்கொண்டதில் வெள்ளைச் சட்டையில் டீசல் கோடு போட்டது.

"தள்ளி வைங்க. இன்னும் தள்ளி. அந்தப் புளியமரத்தாண்ட."

கொண்டுபோய் வைத்தார்.

"எவ்ளோ நேரம் ஆச்சு சார்?"

அவர் சட்டைக் கறையைத் தட்டிவிடப் பார்த்தார். அப்பா விடவில்லை. குரலை ஏற்றாமல் மறுபடி கேட்டார். "எவ்ளோ நேரம் ஆச்சு?"

"கொஞ்ச நேரந்தான்."

"கொண்டாந்து மாட்டிட்டு இன்னொரு தபா கழட்டுங்க."

அவர் மாட்டினார். மறுபடி கழற்றினார். சட்டை முழுக்கக் கறை, நெற்றியெல்லாம் வேர்வை. யாரும் உதவிக்குப் போகவில்லை. மாட்டி முடித்துவிட்டு அவர் காரில் ஏறிப்போனார்.

எனக்கு அழுகை வந்தது. அப்பா சுத்தியலை எடுத்து அந்த ஆளின் மண்டையில் ஒன்று போடுவார் என்று கடைசிவரை எதிர்பார்த்திருந்தேன். அவர் என்னடா என்றால், அந்த ஆளுக்குப் பொறுமையாக வேலை கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்.

மறுநாள் காலை டிராக்டர் வந்து ட்ரெய்லரைப் பூட்டியது. நான் பள்ளிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். அண்ணன் ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ட்ரெய்லர் மேல் ஏறி, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அப்பா நின்று அடைப்பானைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நான் பெரியம்மா வீட்டுக்குள் ஓடினேன். "பெரியம்மா, அண்ணன் அந்த ஆளு வண்டில ஏறி உக்காந்துக்கினு இருக்கான்! வந்து இறங்கச் சொல்லு!"

பெரியம்மா டிபன் டப்பாவில் புளிசோறு அடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். அந்த ஜெனரேட்டர பாத்துக்கறதுதான் இனிமே அவனுக்கு வேல. உங்க பெரியப்பா போனதுக்கு ஈடா ஊருல பேசி முடிச்சது அதான்."

"அப்பாதான் ஒத்துக்கிச்சா?"

"நாந்தான் ஒத்துக்கினேன். வேற இன்னா பண்ணச் சொல்ற? உங்கப்பாகிட்ட நானே போயி நின்னேன். தம்பி, எம்புள்ள உக்கார்ற வண்டி, வேற எவனையும் தொட வுடாத, நீயே செஞ்சு குடுனு." டப்பாவை மூடி என் கையில் வைத்தாள். "ஓடு, அண்ணங்கிட்ட குடு."

டப்பா சூடாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தேன். அண்ணனிடம் கொடுக்கவில்லை. படிக்கட்டில் வைத்துவிட்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினேன். அப்பா, அம்மா, அண்ணன், கடைசியில் பெரியம்மாவும். எங்கள் குடும்பத்தில் கோபம் மிச்சமிருப்பது எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடம்வரை வேகமாக நடந்தேன்.