முசிறி அடைக்கலத்தின் நாற்பத்தொரு கட்டுரைகள்

விடியற்காலையில் ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் துளசியும் சம்பங்கியும் தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தொடுக்க உட்கார்ந்துவிடுவார் அனுசுயா. இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவருடைய எண்ணம். உதிரியாக வந்து விழுவதைக் கசங்காமல் எடுத்து, இனம் பார்த்து, ஒரே நாரில் சேர்க்க வேண்டும். காம்பை மட்டும் நெரித்துவிடக் கூடாது.

மருத்துவம், அறிவியல், கணினி என்னும் மூன்று புலங்களிலும் யார் எதை எழுதி எந்த இதழில் வெளியிட்டாலும், அது அவர் தயாரிக்கும் அடைவு நூலில் ஏறியாக வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக அதுதான் அவர் உத்தியோகம். சிறுநீரகக் கல்லும் விண்மீன் ஒளியும் கணினியின் கண்ணும் அவர் மேசைமீது ஒன்றாகக் கிடக்கும். நடுவிலுள்ள சமன்பாடுகள் அவருக்கு எட்டா. ஆனால் ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் இருக்கும் நன்றிப் பத்தியை வாசிக்காமல் அவர் தாளைக் கீழே வைத்ததில்லை. அங்கே வரும் பெயர்களைத் தனியே ஒரு நீல நோட்டில் எழுதியும் வைப்பார்.

"எதுக்குக்கா இது? யாரும் கேக்கலையே?" என்பான் கணினிப் பிரிவு நவ்ஷாத்.

"அங்க மட்டும்தான் தம்பி மனுஷங்க வராங்க. மத்த இடமெல்லாம் நம்பரு."

இந்த ஆண்டு ஐந்தாண்டுத் தொகுப்பு ஒன்று வெளியிடுவதென்றும், மூன்று புலங்களுக்கும் பொதுவாக மிகுதியாக எழுதிய ஒருவரை வெள்ளிக்கிழமை விழாவில் சிறப்பிப்பதென்றும் முடிவாயிற்று. உலகெங்கும் உள்ள வழக்கப்படி குடும்பப் பெயரைக் கொண்டே எண்ணிவிடலாம் என்று நவ்ஷாத்திடம் சொன்னவர் அனுசுயாதான். அவன் எழுதிய கணினி நிரல் ஒரு நொடியில் எண்ணித் தந்தது. ஆயிரத்து இருநூறு தலைப்புகளையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தவர், அந்த ஒற்றை வரி முடிவை மட்டும் பார்க்காமலே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். முதலிடம்: அடைக்கலம், நாற்பத்தொரு கட்டுரைகள்.

செவ்வாய்க்கிழமை காலை துணைவேந்தர் பிரேமலதா நூலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். "அனுசுயா, இந்த அடைக்கலம் எந்தத் துறை? மருத்துவத்துலயும் எழுதியிருக்கார், மண்ணைப் பத்தியும் எழுதியிருக்கார், கணினியிலயும் எழுதியிருக்கார். இப்படி ஒரு மேதை நம்மகிட்ட இருக்கிறது எனக்கே தெரியலையே!"

அனுசுயாவுக்கும் தெரியவில்லை. நவ்ஷாத் பேராசிரியர் பட்டியலை மேலிருந்து கீழாக இருமுறை பார்த்தான். அடைக்கலம் என்று ஒருவரும் இல்லை. அப்போதுதான் கணினித்துறை விரிவுரையாளர் செல்லக்கிளி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அக்கா! எங்கப்பாவுக்கு எதுக்கு லெட்டர் போட்டீங்க?"

"உங்கப்பாவா?"

"அடைக்கலம். முசிறியில வாழை போட்டிருக்காரு."

நவ்ஷாத் தலையில் கைவைத்தான். "யா அல்லாஹ்!"

மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. செல்லக்கிளியின் அண்ணன் அன்புச்செல்வன் இங்கே மருத்துவப் புலத்தில் இருக்கிறார். அக்கா ஜோதி மண்ணியல் ஆய்வாளர். நம் ஊரில் அப்பா பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும். வெளிநாட்டு இதழோ குடும்பப் பெயருக்கென ஒரு கட்டத்தைக் காட்டி, நிரப்பாமல் நகரவிடாது. இல்லாத குடும்பப் பெயருக்கு எங்கே போவது? மூன்று பிள்ளைகளும் அப்பாவைப் போட்டார்கள். அண்ணனுடைய பதினேழு, அக்காளுடைய பதின்மூன்று, செல்லக்கிளியின் பதினொன்று, எல்லாம் சேர்ந்து நாற்பத்தொன்று. பணியாளர் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடிய அலுவலகத்துக்கு ஒரு முசிறி முகவரி கிடைத்தது; விழா அழைப்பும் அங்கேயே போயிற்று. அது தந்தை பெயர்க் கட்டத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"சொல்லிடலாம்மா. தப்பா வந்துடுச்சுன்னு இப்பவே போன் பண்ணிடு," என்றார் அனுசுயா.

"அவருக்கே தெரியும்கா. நான் ஒரு வரிகூட எழுதலியேன்னு லெட்டர் வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. ஊர்க்காரங்க விட்டாத்தானே! 'அடைக்கலண்ணே, நீ எப்பவுமே இப்படித்தான் அடக்கமாப் பேசுவே'ன்னு வேனுக்குச் சொல்லிட்டாங்க. பதினெட்டுப் பேரு. கடைத்தெருவுல தட்டி கட்டியாச்சு."

சிரித்த வாய் மூடவில்லை அனுசுயாவுக்கு. ஆனால் வேனை நினைத்ததும் சிரிப்பு நின்றது. தம் கையெழுத்தால் தவறு நேர்ந்தது சிறிய குற்றம். ஒன்றும் கேட்காத ஒரு மனிதர், பதினெட்டுப் பேர் நடுவில் அமர்ந்து, தம் பெயரை அழைக்காமல் விழா முடிவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதை எப்படிப் பொறுப்பது?

அடைக்கலம். கேட்கும்போதே அந்தப் பெயரை எங்கோ எழுதிய நினைவு. நீல நோட்டை எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அவர் இருந்தார். 'மண் மாதிரி தந்து உதவிய முசிறி அடைக்கலம்.' 'நோயுற்ற இலைகளைத் தம் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிய அடைக்கலம்.' 'விவசாயிகளின் இரத்த அழுத்த ஆய்வுக்கு ஊரையே திரட்டித் தந்த அடைக்கலம்.' மொத்தம் பதினான்கு கட்டுரைகள். அவற்றுள் ஆறு, அவர் பிள்ளைகள் எழுதியவையே அல்ல.

நோட்டோடு துணைவேந்தர் அறைக்குப் போய் நின்றார் அனுசுயா. "தப்பு என்னுதுங்க மேடம். கூட்டலைப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். ஆளாளுக்குப் பிரிச்சா, இருபத்திரண்டு கட்டுரையோட அறிவியல் புலத்து ஜோஸ்வின்தான் முதல்." கடிதம் முசிறிக்குப் போனதையும் வேனையும் தட்டியையும் சொன்னார்.

பிரேமலதா கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "சரி, அவரை வரவேண்டாம்னு யார் சொல்றது?"

"வரட்டுங்க மேடம். நூல் அரியமங்கலம் அச்சகத்துல இருக்கு. கடைசிப் பக்கங்கள் இன்னும் அச்சுக்கு ஏறலை. பெயரடைவைத் திருத்தி, நாலு பக்கம் சேர்த்துத் தரேன்." நீல நோட்டை மேசைமீது விரித்தார். "ஐந்து வருஷத்துல நம்ம ஆராய்ச்சிக்கு உதவினவங்க முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இவங்களும் ஏறட்டும்."

துணைவேந்தர் பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகத்தில் சிரிப்பு மாறி வேறொன்று வந்தது. "ஏறட்டும்," என்றார்.

வெள்ளிக்கிழமை. வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக அடைக்கலம் வந்து இறங்கினார். பின்னால் இருவர் ஒரு பூவன் வாழைத்தாரைத் தூக்கி வந்தனர். மேடையில் ஜோஸ்வினுக்கு முதல் பரிசு அறிவித்தபோது முசிறிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அனுசுயாவின் விரல்கள் முந்தானையைத் திருகின. அடுத்து, 'நன்றிக்குரியோர்' என்னும் புதிய பகுதியைத் துணைவேந்தர் வாசிக்கத் தொடங்கினார். தமிழ் நெடுங்கணக்கில் முதற்பெயரே அவர்தான்.

"முசிறி அடைக்கலம். பதினான்கு ஆய்வுகளுக்கு உதவியவர்."

பதினெட்டுப் பேரும் எழுந்து நின்று கைதட்டிய ஓசையில் அரங்கமே திரும்பிப் பார்த்தது. ஏற்புரையை எதிர்பார்க்காத அடைக்கலத்தின் கையில் ஒலிவாங்கி வந்தது.

"மண்ணு கேட்டாங்க, குடுத்தேன். இலை கேட்டாங்க, குடுத்தேன். ஒரு டாக்டரம்மா வந்து ரத்தம் கேட்டுச்சு, அதையும் குடுத்தேன். எழுதித் தாங்கன்னுதான் யாரும் கேக்கல. கேட்டிருந்தா மாட்டியிருப்பேன்."

அரங்கம் குலுங்கியது. ஜோஸ்வின் தாமே எழுந்து வந்து தமக்குப் போட்ட பொன்னாடையை அவர் தோளில் போட்டார். வாழைநாரைப் பற்றி ஜோஸ்வின் எழுதிய கட்டுரைக்கு நார் வந்தது அடைக்கலத்தின் தோட்டத்திலிருந்துதான்.

விழா முடிந்தபின் அடைக்கலம் அனுசுயாவைத் தேடி வந்தார். "நீங்கதானாம்மா எல்லாத்தையும் கடைசி வரைக்கும் படிக்கிறவங்க? எம்பிள்ளைங்ககூட எனக்குப் படிச்சுக் காட்டினதில்லை." தாரிலிருந்து பெரிய சீப்பாகப் பார்த்து அறுத்து அவர் கையில் வைத்தார்.

மறுநாள் காலை அந்தச் சீப்பைத் தட்டில் வைத்து, துளசி சூட்டி, சக்கரத்தாழ்வார் சந்நிதியில் நின்றார் அனுசுயா.

"யார் பேருக்கும்மா அர்ச்சனை?" என்றார் அர்ச்சகர்.

"அடைக்கலம்."

"நட்சத்திரம்?"

"தெரியலையே ஸ்வாமி."

"குலம், கோத்திரம் ஏதாவது?"

அனுசுயா தட்டிலிருந்த சீப்பைப் பார்த்தார். "மருத்துவம், அறிவியல், கணினி," என்றார்.

அர்ச்சகர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, இதைவிட விசித்திரமானவற்றையெல்லாம் கேட்டுப் பழகியவர்போல, பெயரை மட்டும் உரக்கச் சொல்லி அர்ச்சனையைத் தொடங்கினார்.