ஜட்ஜ் அறைக் கதவு

காலை ஏழரைக்கு மாடியேறி வந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுவார் ஜட்ஜ். இரண்டையும் ஒரு நாடாவில் கோத்து, மறுமுனையை இடது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போடுவார். பிறகு அறைக்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, கட்டில் இருக்கத் தரையில், வாசலைப் பார்த்தபடி படுப்பார். இரவெல்லாம் பணிமனையில் பஸ் கழுவிய உடம்பு. தலை சாய்ந்ததும் குறட்டை. எதிர் அறையில், நடைவழியைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து அச்சுப்பிழை திருத்திப் பிழைக்கும் எனக்கு அந்தக் குறட்டைதான் எட்டு மணி.

பதினோரு வருஷம் கோர்ட்டு வராந்தாவில் படுத்திருந்ததால் பெயர் ஜட்ஜ். அங்கே கண்ணயர்ந்தால் செருப்பு திருட்டுப் போய்விடும்; நாடா முடிச்சு அந்தப் பழக்கம். எட்டு மாதத்துக்கு முன் ஓர் அறக்கட்டளை இந்த அறையைக் கொடுத்தது. வராந்தாவை விட்டு வந்தாலும் கோர்ட்டுப் பேச்சு விடவில்லை. டீ பிடித்தால் "ஏத்துக்கிட்டேன்" என்பார், பிடிக்காவிட்டால் "தள்ளுபடி." தள்ளுபடியான டீயையும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிடுவார்.

எங்களைப் போன்ற பழைய குடித்தனக்காரர்கள் போக, இந்த மாடியில் பாதி அறைகள் தெருவிலிருந்து வந்தவர்களுக்கு, பாதி மாணவர்களுக்கு. மாணவர்களுக்கு வாடகை குறைவு; அதற்குப் பதிலாக வாரத்தில் இரண்டு மாலை பக்கத்து அறைக்காரரோடு கழிக்க வேண்டும். ஜட்ஜுக்கு வாய்த்தவள் மருந்தியல் மாணவி. முதல் மாதம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு வாரத்தில் இரண்டு மாலை எப்போது ஐந்து மாலையாயிற்று என்று அவளுக்கே தெரியாது. அவள் மருந்துப் பெயர்களை ஒப்பிக்க, ஒன்றும் புரியாமலே இவர், "சாட்சி தடுமாறுது. மொதல்லேருந்து சொல்லு" என்பார். அவளுக்கு அவர் வைத்த பெயர் வக்கீலம்மா. எதற்கெடுத்தாலும் வாதாடுவாளாம்.

வாதாட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கத்தான் செய்தது. தீப்பிடித்தால் பரவாமலிருக்க எல்லாக் கதவும் எந்நேரமும் மூடியிருக்க வேண்டும் என்பது கட்டடத்தின் விதி. திறந்து கிடந்த கதவுக்காக மேனேஜரம்மா ஜட்ஜுக்கு இரண்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டார். மூன்றாவது வந்தால் அறை போய்விடும். ஜட்ஜ் இரண்டையும் மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தார்.

மழை நாளொன்றில், குளிர்காற்று அடிக்கிறதே என்று, தூங்கிக்கொண்டிருந்தவரின் கதவை அவள் சாத்திவிட்டாள். தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. விழித்தவர் கதவைப் படபடவென்று அடித்தார். இழுத்தால் திறக்கும் என்பதே மறந்துவிட்டது. அவள் ஓடி வந்து திறந்ததும் செருப்பு கையில் ஆடஆட, வெறுங்காலோடு இறங்கிப் போய், இருட்டும்வரை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். பதினாறு நாள் அவளோடு பேச்சில்லை. கிழவருக்கு இத்தனை வீம்பு ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன்.

பதினேழாம் நாள் அவள் தன் நாற்காலியை அவர் வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போகவில்லை. அவரே வாயைத் திறந்தார்.

"வராந்தாவுல அஞ்சு பேரு படுப்போம். ஒருத்தன் முழிச்சிருப்பான், முறை வெச்சு. அவன் முழிச்சிருக்கான்னு தெரிஞ்சாத்தான் மத்தவனுக்குத் தூக்கம். இங்க யாரு முழிச்சிருக்கா?"

"நான் முழிச்சிருக்கேன் ஜட்ஜையா. நீங்க மூடிக்கோங்க."

பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று, "ஒத்திவெச்சாச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குக் கடைசிச் சோதனைக்கு வருவதாக மேனேஜரம்மா சொல்லி அனுப்பினார். அன்று காலை வேலையிலிருந்து திரும்பிய ஜட்ஜ், வாசலில் புத்தகத்தோடு காத்திருந்தவளைப் பார்த்தார். "உன் முறை" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது.

அரைமணி நேரம் குறட்டை இல்லை. நான் வேலையைப் போட்டுவிட்டு வெட்கமில்லாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டது. எனக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று தெரியவில்லை.

விடிய விடியப் படித்தவள், பாவம், பதினோரு மணிக்கு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். புத்தகம் மடியிலிருந்து நழுவிப் பொத்தென்று விழுந்தது. எழுப்பலாமா என்று நான் தயங்குவதற்குள் ஜட்ஜின் கதவு திறந்தது. வராந்தாவில் காவல் முறையில் தூங்கினவனுக்கு ஒரு வாரம் மழைச்சாரல் அடிக்கிற ஓரத்தில்தான் இடம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவளைச் சற்றுநேரம் பார்த்தார். வெளியே வந்து, சத்தம் வராமல் தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினார். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டுக்கு மேனேஜரம்மா வந்தார். மூடிய கதவைப் பார்த்தார், தூங்கும் பெண்ணைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"என் முறை" என்றார் ஜட்ஜ், தணிந்த குரலில்.

அந்த அம்மாள் தாளில் ஒரு குறி போட்டுக்கொண்டு படியிறங்கினார். ஜட்ஜ் மணிக்கட்டு முடிச்சை அவிழ்த்துத் தன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். நாற்காலிக்கு அடியில் திசைக்கொன்றாகக் கிடந்த அவளுடைய செருப்புகளை எடுத்தார். இரண்டையும் நாடாவில் கோத்து, மறுமுனையைத் தன் கையில் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கினார்.