ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஆனைமலைக்கு, ஈரல் சாப்பிட

ஆனைமலைப் பக்கம் போக வழி கேட்டுப் போன மாதம் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்த வழியில் நான் முதன்முதலாகப் போனது 1996 செப்டம்பரில், பள்ளிகளுக்குக் காலாண்டு விடுமுறை விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை. கோயிலுக்குப் போகவில்லை, மலை பார்க்கவும் போகவில்லை. ஆட்டு ஈரல் சாப்பிடப் போனேன். அதற்கு முந்தைய இருபத்தாறு வருடங்களில் நான் முட்டைகூடத் தொட்டதில்லை. எனவே இந்தக் கட்டுரையில் பஸ் நேரங்களோடு வேறு சிலவும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டைப்பிஸ்ட். வீடு ஆர்.எஸ்.புரம். அந்த வருடம் சித்திரையிலிருந்தே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மதியத்துக்கு மேல் டைப் அடிக்கும்போது எழுத்துகள் நீந்தின. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. நான்கு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன்; வயிறு ஏற்கவே இல்லை, பாதி நாள் வாந்திதான். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டும் பெரிதாக ஏறவில்லை. கடைசியில் டாக்டரம்மா, வாரம் இரண்டு முறை ஈரல் சாப்பிட்டுப் பார்க்கலாமே என்றார். கூட வந்திருந்த அம்மா, "எங்க ஊட்டுல அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, நான் எழுவதற்கு முன்பே வாசலுக்குப் போய்விட்டார்.

டாக்டரம்மா சொன்னது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. காலையில் சாப்பிடலாம் என்று தோன்றும். மதியம் கம்பெனி மரத்தடியில் ஓர் ஆட்டுக்குட்டி வந்து நின்றால் சீச்சீ என்று இருக்கும். சாயங்காலம் படியேறும்போது மறுபடி சாப்பிடலாம் என்று தோன்றும். உயிரைக் கொல்லக் கூடாது என்றுதான் சாப்பிடாமல் இருந்தேனா, அல்லது சாப்பிட்டுப் பழக்கமில்லை என்பதாலா? என்னையே கேட்டுப் பார்த்தேன். அதைவிட ஒரு சின்ன விஷயம்தான் பெரிதாக உறுத்தியது. சாப்பிடுவதென்றால் எங்கே போய்ச் சாப்பிடுவது? ஊரில் எந்த மெஸ்ஸில் நுழைந்தாலும் அப்பாவைத் தெரிந்த யாராவது ஒருவர் கை கழுவிக்கொண்டு நிற்பார்.

அப்போதுதான் ஸ்டெல்லா நினைவுக்கு வந்தாள். கம்பெனியில் மூன்று வருடம் எனக்குப் பக்கத்து மேஜை. அவளும் அவள் அம்மா ஆரோக்கியமும் புலியகுளத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். அம்மாவுக்கு மில் வேலை. அதற்கு முந்தைய தலைமுறை முழுக்க ஆனைமலைப் பக்கத் தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்தச் சொந்த ஊரிலேயே ஒரு பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்ததும் ஸ்டெல்லா அம்மாவோடு திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு இன்லண்ட் லெட்டரில் எல்லாவற்றையும் எழுதினேன். உங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன், இங்கே யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று முடித்திருந்தேன். அவளுக்கு நான் பெரிய மரியாதை செய்வதாக வேறு நினைத்துக்கொண்டேன். பதில் ஒரே வரியில் வந்தது: "வியாழக்கிழமை வா."

வீட்டில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொன்னேன். உக்கடத்தில் 9.40க்குப் பொள்ளாச்சி பஸ். நாற்பது கிலோமீட்டர், சாதாரண நாளில் ஒன்றேகால் மணி நேரம். அன்றைய டிக்கெட் ஆறரை ரூபாய் என்று நினைவு. கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் மூன்று சீட் மாறி உட்கார்ந்தேன். முதலில் வெயில், அப்புறம் டீசல் வாசம். மூன்றாவது முறை மாறியதற்குக் காரணமே இல்லை.

வியாழக்கிழமை பொள்ளாச்சியில் மாட்டுச்சந்தை என்பதை நான் யோசிக்கவில்லை. ஸ்டாண்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னால் பஸ் நின்றது, முப்பத்தைந்து நிமிடம் நகரவில்லை. ஜன்னலுக்குக் கீழே மாடுகளின் முதுகுகள் போய்க்கொண்டே இருந்தன. கொம்பில் பெயிண்ட் அடித்தவை, விலா எலும்பு தெரிபவை. ஒரு லாரியில் பலகை சாய்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழட்டு எருது மட்டும் பாதிப் பலகையில் நின்றுவிட்டது. இரண்டு பேர் வாலைப் பிடித்து முறுக்கினார்கள். அப்படியும் அது ஏறவில்லை.

"எங்கீங்க போகுது இதெல்லாம்?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"கேரளாவுக்குங்க. எல்லாம் கறிக்குத்தான்," என்றார் அவர், டிக்கெட் கட்டை ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டே.

நான் இறங்கிவிட்டேன். ஸ்டாண்டுக்கு நடந்து போய், கோயமுத்தூர் போர்டு மாட்டிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருந்திருப்பேன். காலில் போட்டிருந்த தோல் செருப்பு கண்ணில் பட்டது. முந்தின தீபாவளிக்கு ஆசைப்பட்டு வாங்கியது. அதற்காக ஒருநாளும் மனது குடையவில்லையே என்று நினைத்தேன். இறங்கினேன். டீ குடித்தேன். 11.50க்கு ஆனைமலை பஸ் கிளம்பும்போது ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். சுமார் பதினைந்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம். வழி முழுக்கத் தென்னந்தோப்பு. மற்றவர்கள் அந்த நிழலைப் பற்றி ரசித்து எழுதுவார்கள். நான் பார்த்தேன், ஆனால் மனதில் எதுவும் தங்கவில்லை.

ஆனைமலையில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர், "ஏனுங்க, மாசாணியம்மன் கோயிலுங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் சொன்ன பொய் வாயில் அப்படியே இருந்தது. அவர் கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டார். உள்ளே பெண்கள் தங்களுக்கு அநியாயம் செய்தவர்களை நினைத்து மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஈரல் சாப்பிடப் போகிற நான் உள்ளே போவதா வேண்டாமா என்று செருப்பைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினேன். கடைசியில் வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு, வழி விசாரித்து வாய்க்கால் ஓரமாக இரண்டரை கிலோமீட்டர் நடந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார வேண்டியிருந்தது.

ஸ்டெல்லாவின் வீட்டை அடைந்தபோது ஒன்றரை மணி. ஓடு வேய்ந்த வீடு, இரண்டு அறை. ஆரோக்கியம் வெளியே வந்து, "வாங்க அம்மணி, வெயில்ல நடந்தே வந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றார். என் அம்மாவைவிட மூத்தவர், எனக்கு 'ங்க' போட்டுப் பேசுகிறார். நான் அவரைப் பதிலுக்கு என்னவென்று கூப்பிடுவது என்று தடுமாறினேன். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நான் அவரை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள். தட்டில் சோறும், ஓரமாக மிளகு போட்டு வறுத்த ஈரலும் வந்தன. அதன் பக்கத்தில் ஆரோக்கியம் இன்னொன்றையும் வைத்தார். நூல் சுற்றிய தயிர்சாதப் பொட்டலம், ஒரு கலர் சோடா பாட்டில்.

"ஈரலு ஒத்துக்காமப் போயிருச்சுன்னா நீங்க பசியோட போகக் கூடாதுங்க," என்றார். "சைவ ஓட்டல்ல வாங்குனது. கடைக்காரரே கட்டிக் குடுத்தாரு. நான் பிரிக்கக்கூட இல்லீங்க."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்புடு கோமதி," என்றாள். "கறி திங்க எங்க ஊடு ஆகுது. மூணு வருசம் காப்பி குடிக்கத்தான் ஆகல."

"ஏம் புள்ள, வந்தவங்ககிட்ட," என்று ஆரோக்கியம் மெல்ல அதட்டினார்.

நான் இங்கே மறைக்காமல் எழுதிவிட வேண்டும். புலியகுளத்தில் அவர்கள் அறைக்கு இருபது முப்பது முறையாவது போயிருப்பேன். ஒவ்வொரு முறையும் காப்பி போடட்டுமா என்பார்கள். இப்பத்தான் குடிச்சேன் என்பேன். ஒரு முறை வயிற்றுவலி, ஒரு முறை விரதம். உண்மை என்னவென்றால், பழகு, ஆனால் அங்கே கை நனைக்காதே என்று அம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். நான் அதைச் சைவப் பழக்கம் என்றே எனக்குச் சொல்லிக்கொண்டேன். காப்பியில் என்ன கறி இருக்கிறது? அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டதே இல்லை. ஊருக்குத் தெரியாமல் சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்றபோது மட்டும் அந்த வீடு நினைவுக்கு வந்திருக்கிறது.

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. பொட்டலத்தை எடுத்துத் தள்ளி வைத்தேன். "இந்தச் சோறே போதும்மா," என்றேன். அந்த 'அம்மா' தானாக வந்துவிட்டது. ஈரல் துண்டை எடுத்து வாயில் போட்டேன். முதலில் மிளகுதான் தெரிந்தது. அப்புறம் மாவு போல ஒரு மென்மை, கடைசியில் நாக்கின் அடியில் லேசான கசப்பு. குமட்டும் என்று காத்திருந்தேன், குமட்டவில்லை. பிடித்தது என்றும் சொல்ல முடியாது. தட்டில் இருந்த ஆறேழு துண்டுகளையும் சாப்பிட்டேன். ரசம் வாங்கிக் குடித்தேன். ஆரோக்கியம் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார், கேட்காமலே.

கை கழுவிய பிறகு உட்கார முடியவில்லை. வாய்க்கால் பக்கம் நடந்தேன். ஸ்டெல்லா பின்னாலேயே வந்தாள். விரதம், வயிற்றுவலி எல்லாம் பொய் என்று சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "நீ எப்ப வருவியோன்னு அம்மா தினமும் அரை டம்ளர் பால் எடுத்து வைக்கும். நான்தான் வேண்டாம்னு சொல்லிச் சொல்லி நிறுத்துனேன்."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஊட்ல என்னன்னு சொல்லிப்போட்டு வந்த?" என்று கேட்டாள்.

"கோயிலுக்குன்னு."

"ஈரலச் சொல்லாட்டியும் போகுது. எங்க ஊட்டுல சாப்பிட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. அதச் சொல்ல முடியலீன்னா மறுபடி இங்க வராத கோமதி. எனக்கும் கஷ்டமா இருக்குது."

நான்கு மணிக்கு ஆனைமலையில் பஸ். அதில் அவளே வந்து ஏற்றிவிட்டாள். பொள்ளாச்சியில் சந்தை கலைந்து, சாணியும் வைக்கோலும்தான் கிடந்தன. உக்கடம் வரும்வரை அம்மாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தது ஏழு மணி சுமாருக்கு. அம்மா சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். தயார் செய்த எதுவும் நினைவில் இல்லை. கோயிலுக்குப் போகவில்லை, ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன், அங்கே ஈரல் சாப்பிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அம்மா அடுப்பை அணைத்தார். ஈரலைப் பற்றிக் கேட்பார் என்று நின்றேன்.

"அவங்க ஊட்டுலயா சாப்புட்ட?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா. அவங்க சமைச்சது."

அம்மா அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. அழுகிற ஆள் இல்லை அவர். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார், அவ்வளவுதான். சனிக்கிழமை விடிந்ததும் நான் பையை எடுத்தபோது வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மறுபடியும் அங்கேதானா என்றார். ஆமாம் என்றேன். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையும் தெளித்து முடித்தார். "ஒம்பது மணி பஸ்ஸுக்கு வேண்டாம். உனக்கு மயக்கம் வரும். வெயிலுக்கு முந்தியே போயிரு," என்றார்.

அவரால் அதற்கு மேல் போக முடியவில்லை. கடைசிவரை ஸ்டெல்லா வீட்டுக்கு வரவும் இல்லை. ஆனால் நான் எங்கே போகிறேன் என்று உறவில் யாராவது கேட்டால், கோயில் என்று சொல்லாமல் ஆனைமலையில் சிநேகிதி வீடு என்றே சொன்னார். எனக்கு ஐந்து மாதத்தில் ரத்தம் பதினொன்றைத் தொட்டது. எதனால் ஏறியது என்று டாக்டரம்மாவும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. நடுவில் மாத்திரையையும் மாற்றியிருந்தார். இரண்டு வருடம் கறி சாப்பிட்டேன், பிறகு விட்டுவிட்டேன். அந்த எருதின் ஞாபகம் போகாததுதான் காரணம், வேறு தத்துவம் ஒன்றும் இல்லை. இந்த முறை அது நானே எடுத்த முடிவு. ஸ்டெல்லா வீட்டில் இப்போதும் எனக்குச் சோறும் ரசமும், கறி வேகும் அதே அடுப்பில்.

போகிறவர்களுக்கு: உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்கு விடியலிலிருந்தே பஸ் உண்டு. செவ்வாயும் வியாழனும் சந்தை, அன்று கூடுதலாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நான் சொன்ன கட்டணமும் நேரங்களும் அன்றையவை, இன்று விசாரித்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாதவர்கள் வாய்க்கால் ஓரம் நடக்க ஆசைப்படாமல் ஊர்வரை ஆட்டோவில் போவது நல்லது. கறி சாப்பிடத் தொடங்கலாமா என்று குழம்புகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் மட்டும், யார் வீட்டுக்கு என்பதை உங்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.